ஒன்ராறியோவில் முதல் மான் வேட்டை: துவக்குக் கடைக்குப் போவதற்கு முன்

நீங்கள் ஸ்காபரோவில் இருக்கிறீர்கள். நண்பர்கள் மூன்று பேருடன் நவம்பரில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போக ஆசை. நால்வரில் ஒருவரிடமும் லைசென்ஸ் இல்லை. எந்தத் துவக்கு வாங்கலாம், எவ்வளவு காலம் எடுக்கும், கிடைக்கும் இறைச்சியை எப்படிப் பங்கிடலாம் என்று கேட்டிருந்தீர்கள். துவக்கின் பெயரை முதலில் சொல்லிவிட்டால் உங்கள் காசு வீணாகக்கூடும். இந்த மாகாணத்தில் எந்த ஆயுதம் என்பதை நீங்கள் நிற்கப்போகும் நிலம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே நிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஒன்ராறியோ முழுவதும் எண் இடப்பட்ட வனவிலங்கு மேலாண்மை அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த அலகில், எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆயுதத்தால் மான் வேட்டையாடலாம் என்பதை மாகாண அரசு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் வேட்டை விதிமுறைச் சுருக்கத்தில் அட்டவணையாகப் போடுகிறார்கள். இலவசம், இணையத்தில் இருக்கிறது. போன வருடத்துச் சுருக்கத்தை நம்ப வேண்டாம், தேதிகள் மாறும். பொதுவான போக்கு இதுதான். பான்கிராஃப்ட் போன்ற கிழக்குக் காட்டுப் பகுதிகளில் நவம்பரின் முதல் திங்கட்கிழமையை ஒட்டி இரண்டு கிழமை றைபிள் பருவம். தென்மேற்கின் விவசாய நிலங்களில் பெரும்பாலும் றைபிளுக்கு இடமில்லை. அங்கே நவம்பரில் ஒரு கிழமை, டிசம்பரில் ஒரு கிழமை என்று கட்டுப்படுத்தப்பட்ட வேட்டை நடக்கும். துவக்கில் ஷொட்கனும், குழல்வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் துவக்கும் மட்டும்தான். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், விண்ணப்பக் காலம் கோடையிலேயே முடிந்துவிடும். வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் தெற்கு அலகுகள் பலவற்றில் ஒக்டோபர் தொடக்கத்திலேயே பருவம் திறந்து டிசம்பர் கடைசி வரை போகிறது. தட்டையான வயல்வெளியில் றைபிள் சன்னம் பல கிலோமீற்றர் போகும், வீடுகளும் நெருக்கம் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

ஆகவே ஒரு .308 அளவு றைபிளை வாங்கிவிட்டுப் பிறகு தென்மேற்கு ஒன்ராறியோவின் லண்டன் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் அனுமதி வாங்கினால், அந்த றைபிள் வீட்டுப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

நிலம் கிடைப்பதுதான் புதியவர்களுக்கு உண்மையான தடை. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நகராட்சிகள் பலவற்றில் துவக்குச் சூட்டுக்குத் தடைச் சட்டம் இருக்கிறது, சில இடங்களில் வில்லும் அதற்குள் அடங்கும். மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலும் அனுமதி இல்லை. தெற்கில் நிலம் அநேகமாகத் தனியாருடையது. அரச காணி வேண்டுமென்றால் வடக்கே ஓட வேண்டும். தனியார் நிலத்தில் பலகை இல்லை என்பதற்காக உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். வேலி போட்ட நிலமும் பயிர் செய்யப்பட்ட நிலமும் பலகை இல்லாமலேயே தடைசெய்யப்பட்டவை. மரத்தில் சிவப்பு வட்டம் இருந்தால் நுழையக்கூடாது. மஞ்சள் வட்டம் என்றால் குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டும் அனுமதி. சொந்தக்காரரிடம் கோடையிலேயே நேரில் போய்க் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பேர், எந்தெந்த நாள், வாகனம் எங்கே நிற்கும், எல்லை எங்கே முடிகிறது என்ற நான்கும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பக்கத்துக் காணிக்காரரின் தொலைபேசி எண்ணையும் அப்போதே வாங்கி வையுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

இன்னொன்று: பிரெஞ்சு, மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே, நகராட்சி தனியாக அனுமதித்திருந்தால் ஒழிய ஞாயிற்றுக்கிழமை துவக்கு வேட்டை கிடையாது. சனி, ஞாயிறு மட்டும் ஓய்வுள்ள நால்வருக்கு இது பெரிய விஷயம். அலகைத் தெரிவு செய்யும்போதே இதையும் பாருங்கள்.

இனி லைசென்ஸ். இரண்டு தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன: ஒன்று துவக்கு வைத்திருப்பதற்கான மத்திய அரசின் அனுமதி, மற்றது வேட்டையாடுவதற்கான மாகாண அனுமதி.

மத்திய அனுமதியை பி.ஏ.எல். என்பார்கள். கனேடியத் துவக்குப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, எழுத்துச் சோதனையிலும் செய்முறைச் சோதனையிலும் தனித்தனியாக 80 வீதம் எடுக்க வேண்டும். செய்முறையில் ஆட்கள் விழுவது துவக்கு தெரியாததால் அல்ல. கையில் வாங்கியவுடன் குழல் யாரையாவது நோக்கித் திரும்புவதாலும், விரல் விசைக்குள் போவதாலும்தான். சோதனை முடிந்ததும் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.க்கு விண்ணப்பம். முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் கட்டாயக் காத்திருப்பு 28 நாள். அது மிகக் குறைந்த அளவு, நடைமுறையில் கூடுதலாகப் போகும். உங்களைக் குறைந்தது மூன்று வருடம் தெரிந்த இரண்டு பேர் சாட்சியாக வேண்டும், வாழ்க்கைத் துணையை அதில் சேர்க்க முடியாது. துணைவர் கையொப்பமும் கேட்கப்படும். கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்த துணை இருந்தால் அவருக்கும் அறிவிப்புப் போகும். நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்த மூன்று வருடச் சாட்சிதான் தலையிடி. சாட்சிகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரியாத எண் என்று அழைப்பை எடுக்காமல் விட்டால் உங்கள் கோப்பு அங்கேயே கிடக்கும்.

மாகாணப் பக்கம் வேட்டைக் கல்வி வகுப்பும் சோதனையும். இரண்டு வகுப்பையும் ஒரே வார இறுதியில் நடத்தும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அதுவே வசதி. தேறியதும் அவுட்டோர்ஸ் அட்டை. அதில் எச்1 என்றால் துவக்கு உட்பட எல்லாம், எச்2 என்றால் வில் போன்ற துவக்கில்லாத முறைகள் மட்டும். அதற்கு மேல் அந்த வருடத்து மான் லைசென்ஸும், ஒரு மானுக்கு ஒன்று என்ற டாக் சீட்டும். கொம்பில்லாத மானைச் சுட வேண்டுமானால் அதற்கான டாக் தனியாக வேண்டும். வசந்தத்தில் தொடங்கினால் நவம்பருக்கு எல்லாம் வந்து சேரும். ஓகஸ்டில் தொடங்கினால் துவக்கை மறந்துவிட்டுக் குறுக்குவில்லை யோசிப்பது புத்தி.

குறுக்குவில்லுக்குப் பி.ஏ.எல். தேவையில்லை, அது 500 மி.மீ.க்குக் குறைந்த நீளமோ ஒற்றைக் கையால் எய்வதோ இல்லாதவரை. எச்2 அட்டை போதும். ஞாயிறு துவக்குத் தடை இதைத் தொடாது. பருவமும் நீளம். மானுக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 45 கி.கி. இழுவிசை, 300 மி.மீ. இழுதூரம். அம்புத்தலை அகன்ற இடத்தில் 22 மி.மீ.க்குக் குறையாமல், இரண்டு கூரான வெட்டு விளிம்புகளாவது இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் வேட்டைக் குறுக்குவில்கள் இதைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் மாகாணச் சட்டத்தில் வில்லும் குறுக்குவில்லும் 'துவக்கு' என்ற வரையறைக்குள்தான் வருகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாகனத்தில் ஏற்றிய நிலையில் வைத்திருக்கக்கூடாது, இரவில் உறைக்குள் இருக்க வேண்டும் என்ற விதிகள் அதற்கும் பொருந்தும்.

குறுக்குவில்லில் பிழைக்கும் இடங்கள் மூன்று. அம்பு வைக்காமல் விசையை இழுத்தால் இழுத்துவைத்த சக்தி முழுவதும் வில்லின் கைகளுக்குள்ளேயே போகிறது, பிளந்துவிடும். முன்பிடியில் இருக்கும் பெருவிரல், அம்பு ஓடும் தண்டவாளத்துக்கு மேலே எழும்பினால் நாண் அதை வெட்டிக்கொண்டு போகும். நாணை இரு பக்கமும் சமமாக இழுக்காமல் கையால் ஏற்றினால் அம்பு பக்கவாட்டில் விலகும். இழுகயிறு பாவியுங்கள், எப்போதும் அதையே பாவியுங்கள். தூரம் 30 மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அம்பு எவ்வளவு வேகமானாலும் ஒலியைவிட மெதுவானது. நாணின் சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும்போது, நுரையீரலுக்குப் போக வேண்டிய அம்பு முதுகில் ஏறிவிடும்.

இனித் துவக்கு. ஷொட்கன் பகுதி என்றால் 20 அளவு (கேஜ்) குழலை யோசியுங்கள். மானுக்குப் போதும், தோள் உதைப்பு 12ஐவிடக் குறைவு, அதனால் புதியவர் விசையை இழுக்கும்போது கண்ணை மூடமாட்டார். ஒற்றைச் சன்னமான ஸ்லக்கைத்தான் பாவிப்பீர்கள். இதில் இரண்டு வகை உண்டு, கலந்துவிடாதீர்கள். வரிபோட்ட ஈய ஸ்லக் வழுவழுப்பான குழலுக்கானது. பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சேபோ, உள்ளே வரி வெட்டிய குழலுக்கானது. சேபோவை வழுவழுப்பான குழலில் சுட்டால் சன்னம் சுழலாது, 50 மீற்றரிலேயே இலக்கைத் தவறவிடும். ஈய ஸ்லக்கை வரிக்குழலில் சுட்டால் வரிகளுக்குள் ஈயம் அப்பி, சில சூட்டிலேயே குறி சிதறும். வழுவழுப்பான குழலுக்குத் திறந்த சோக்கே (குழல் முனையைச் சுருக்கும் துண்டு) போடுங்கள். வான்கோழிக்கான மிக இறுக்கமான சோக்கில் ஸ்லக் வேண்டவே வேண்டாம். வழுவழுப்பான குழல், நுனியில் வெறும் மணிக்குறி என்றால் 50, 60 மீற்றர்தான் உங்கள் எல்லை. வரிக்குழலும் ஸ்கோப் என்ற தொலைநோக்குக் குறியும் இருந்தால் 100 மீற்றர் நியாயம்.

றைபிள் பகுதி என்றால், ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் முறையில் .308 அல்லது 7மி.மீ.-08. அரைத் தானியங்கி வாங்குவதைத் தவிர்ப்பதே என் ஆலோசனை. 2020 மே 1இல் தொடங்கிய மத்திய அரசின் தடைப்பட்டியல் 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் நீண்டது. இன்று சட்டபூர்வமான மொடல் நாளை இருக்கும் என்று நம்பி முதல் துவக்குக்குக் காசு போட வேண்டியதில்லை. பழைய துவக்கைத் தனியாரிடம் வாங்கினாலும், கைமாறுவதற்கு முன் உங்கள் லைசென்ஸை விற்பவர் சரிபார்த்து ஆதார எண் எடுக்க வேண்டும். 2022 மே முதல் இது கட்டாயம். வீட்டில் துவக்கு வெறுமையாக, விசைப்பூட்டுப் போட்டோ பூட்டிய பெட்டிக்குள்ளோ இருக்க வேண்டும். தோட்டாவையும் தனியாகப் பூட்டி வைப்பது நல்லது.

குறி சரிபார்ப்பதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், ஒக்டோபர் தொடக்கத்தில். காயப்பட்டுத் தப்பும் மான்களில் பெரும்பங்கு இந்த ஒரு நாளைச் செலவழிக்காதவர்களுடையது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் ஸ்கோப்பின் அடித்தளத் திருகாணிகளை முறுக்குமானி வைத்து உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இங்கே தளர்வு இருந்தால் மற்றது எல்லாம் வீண். இலக்கை 25 மீற்றரில் வையுங்கள். முன்பக்கம் பையில் வையுங்கள், குழல் எதிலும் முட்டக்கூடாது. மூன்று சூடு. மூன்று துளைகளின் நடுவைக் கணக்கில் எடுங்கள், ஒற்றைத் துளையைத் துரத்தாதீர்கள். ஸ்கோப்பின் ஒரு கிளிக் பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒன்றான கோண அளவு); அது 100 மீற்றரில் ஏறக்குறைய 7 மி.மீ., 25 மீற்றரில் அதன் நாலில் ஒன்று. ஆகவே 100 மீற்றரில் 7 செ.மீ. தாழ்வு என்றால் 10 கிளிக். அதே 7 செ.மீ. 25 மீற்றரில் என்றால் 40. இந்தக் கணக்கை மறந்துதான் பலர் ஒரு பெட்டித் தோட்டாவை முடிக்கிறார்கள். 25இல் நடுவுக்கு வந்ததும் 100க்குப் போங்கள். ஒவ்வொரு மூன்று சூட்டுக்கும் பிறகு குழலைக் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறவிடுங்கள், சூடேறிய மெல்லிய குழல் குறியை நகர்த்தும். கடைசிச் சூடு முற்றிலும் ஆறிய குழலில். காட்டில் நீங்கள் சுடப்போவது அந்தச் சூட்டைத்தான்.

100 மீற்றரில் நேர் செய்த .308, 150 கிரெய்ன் எடைச் சன்னம் 200 மீற்றரில் ஏறக்குறைய 12 செ.மீ. தாழும். 50இல் நேர் செய்த ஈய ஸ்லக் 100இலேயே அந்த அளவுக்கு விழுந்துவிடும். பருவத்துக்கு எந்தத் தோட்டாவோ அதாலேயே சரிபாருங்கள். பெயரும் எடையும் ஒன்றாயிருந்தும் வேறு நிறுவனத்துத் தோட்டா வேறிடத்தில் அடிக்கும், ஸ்லக்கில் இது மிக மோசம். பிறகு மேசையை விட்டு எழும்புங்கள். முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து, 20 செ.மீ. காகிதத் தட்டில் ஐந்துக்கு ஐந்தும் விழும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். மானின் இதய, நுரையீரல் பகுதி அந்தத் தட்டைவிடச் சற்றுத்தான் பெரிது.

உடைக்கு வருவோம். மான், மூஸ், எல்க் துவக்குப் பருவம் அந்தப் பகுதியில் திறந்திருக்கும்போது மான் வேட்டையாடும் எல்லோரும், வில்லுடன் இருப்பவர் உட்பட, இடுப்புக்கு மேல் குறைந்தது 2,580 சதுர செ.மீ. வேட்டைச் செம்மஞ்சளும் அதே நிறத் தொப்பியும் அணிய வேண்டும். இலைக்கோலம் போட்ட செம்மஞ்சள் அந்த அளவில் சேராது. முதுகுப்பை உடையை மறைத்தால் பையின் மேலும் ஒன்றைப் போடுங்கள். மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. உங்களைக் காட்டிக்கொடுப்பது உங்கள் அசைவும் மணமும். காற்று உங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள், காற்று திரும்பினால் இடத்தை மாற்றுங்கள். மான் சிறுநீர் கலந்த கவர்ச்சி மணங்களை வாங்காதீர்கள், ஒன்ராறியோவில் அவை சட்டவிரோதம். நாட்பட்ட உடல்மெலிவு நோயைப் பரப்பும் என்பதால் இந்தத் தடை. பக்கத்துக் கியூபெக்கில் 2018இல் பண்ணை மான்களில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரை. அதற்கு வெளியே துவக்கு வெறுமையாக உறைக்குள் இருக்க வேண்டும். இரவில் அதைச் சூடான அறைக்குள் கொண்டு வந்தால் காலையில் ஸ்கோப்புக்குள்ளும் போல்ட்டுக்குள்ளும் ஈரம் உறையும். சூடேறாத, பூட்டிய இடத்தில் விடுங்கள். போல்ட்டில் தடித்த எண்ணெயைத் துடைத்து எடுங்கள், கடுங்குளிரில் அது இறுகிச் சுடுமுள்ளின் வேகத்தைக் குறைக்கும். மரத்தில் ஏறி உட்காரும் மேடை என்றால் கால் நிலத்தை விட்ட நிமிடம் முதல் பாதுகாப்புக் கச்சை பூட்டியிருக்க வேண்டும். துவக்கை வெறுமையாக்கிக் கயிற்றால் மேலே இழுங்கள்.

மான் பக்கவாட்டில் அல்லது உங்களுக்கு அப்பால் சற்றுத் திரும்பி நிற்கும்போது மட்டும் சுடுங்கள். முன்காலின் பின்னோரம், உடலின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், மேட்டின் உச்சியில் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடக்கூடாது. சுட்டதும் அசையாதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த மரத்தையும் மனதில் பதியுங்கள், நேரத்தைப் பாருங்கள். குமிழியுள்ள இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரல்: அரை மணி பொறுத்துத் தொடருங்கள். கரும் சிவப்பு ஈரல்: மூன்று, நான்கு மணி. பச்சைக் கழிவும் நாற்றமும் குடல்: ஆறு, எட்டு மணி. அவசரப்பட்டுத் தொடர்ந்தால், 100 மீற்றரில் படுத்துச் சாகவிருந்த மான் எழும்பி ஒரு கிலோமீற்றர் ஓடிவிடும். மழையோ ஓநாயோ வந்தால் இந்தக் கணக்கைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். ஒவ்வொரு இரத்தத் துளிக்கும் ஒரு நாடாத்துண்டு கட்டுங்கள். தடம் அறுந்தால் திரும்பிப் பார்க்க அது ஒரு கோடு காட்டும். மான் பக்கத்துக் காணிக்குள் போனால் அந்தச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. தொலைபேசி எண் வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

மானை நகர்த்துவதற்கு முன், விழுந்த இடத்திலேயே டாக் சீட்டில் குறிக்க வேண்டியவற்றை வெட்டிக் குறியுங்கள். பிறகு குடல் நீக்குதல். ஆசனவாயைச் சுற்றி வெட்டி இழுத்துக் கட்டுங்கள். வயிற்றைத் திறக்கும்போது இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கி, கத்தியின் கூர்ப்பக்கத்தை மேல்நோக்கி வையுங்கள். சிறுநீர்ப்பையும் இரைப்பையும் கிழியக்கூடாது. மூச்சுக்குழலை எட்டக்கூடிய அளவு மேலே அறுத்தால் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். பின்காலின் உட்புறத்து மயிர்ச் சுரப்பியைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடாதீர்கள், அந்த நாற்றம் சமைத்தாலும் போகாது. நெஞ்சைக் குச்சி வைத்து விரித்துக் குளிரவிடுங்கள். 0 முதல் 4 பாகை வரை என்றால் சில நாள் தொங்கவிடலாம். நவம்பரில் 12 பாகை அடிக்கும் நாள்களும் வரும், அப்போது அன்றே வெட்டிக் குளிரூட்டியில் போடுங்கள். வேலை முடிந்ததும் உடம்பில் உண்ணி பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி 4 பாகைக்கு மேலே போனாலே அலையத் தொடங்கும்.

சமையலுக்கு: ஆட்டுக்கொழுப்பைப்போல் மான்கொழுப்பை விட்டுவைக்காதீர்கள். அது வாயில் மெழுகாய் ஒட்டும், கறிக்கு வாடையைக் கொடுப்பதும் அதுதான். வெள்ளைச் சவ்வுடன் சேர்த்து முழுவதும் சீவுங்கள். ஈரல் வறுவல் நம்மவர்களுக்கு விருப்பம், ஆனால் மான், மூஸ் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்மியம் சேர்வதால் அவற்றைச் சாப்பிட வேண்டாம் என்று மாகாண அரசு அறிவுறுத்துகிறது. ஈயச் சன்னம் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் துளையைச் சுற்றிப் பரவும். 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் தானமாக வந்த அரைத்த மான் இறைச்சியில் ஈயம் கண்டு, உணவு வங்கிகள் அதை ஒதுக்க வேண்டி வந்தது. வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் செப்புச் சன்னம் வாங்குங்கள், அல்லது துளையைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். உண்ணக்கூடிய இறைச்சியைக் கெட்டுப்போக விடுவதும் குற்றம் என்பதால் அந்த வெட்டில் நிதானம் வேண்டும்.

பங்கிடுவது பற்றி: நண்பர்களுக்கும் உறவுக்கும் கொடுக்கலாம். விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது, தெரிந்தவரின் உணவகத்துக்கும் கூடாது. நால்வரும் ஒரு குழுவாக வேட்டையாடி ஒருவர் டாக்கில் மற்றவர் சுடுவதானால், சுடுபவருக்கும் செல்லுபடியான மான் லைசென்ஸ் இருக்க வேண்டும், டாக் வைத்திருப்பவரிலிருந்து 5 கி.மீ.க்குள் நிற்க வேண்டும், உடனுக்குடன் பேசிக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஒருவர் சுட்டதும் மற்ற மூவருக்கும் அறிவித்துவிடுங்கள். ஒரே டாக்கில் இரண்டு மான் விழுவது பெரும்பாலும் இந்த அறிவிப்புத் தாமதத்தால்தான். பருவம் முடிந்ததும் நால்வரும் தனித்தனியாக மாகாண இணையத்தளத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். மான் கிடைக்காதவரும், ஒரு நாள்கூடக் காட்டுக்குப் போகாதவரும் கொடுக்க வேண்டும். கடைசித் தேதி விதிமுறைச் சுருக்கத்திலேயே இருக்கும்.